பொய்க்கு வந்த படகுகள்

மூன்று மாத மனநல முகாமின் முடிவில் அறிக்கை வந்தது. எங்கள் துறைமுகத்தில் மனக்கவலை உள்ளவர் யாருமில்லை. வேலைப்பளுவால் தூக்கம் கெட்டவர் யாருமில்லை. ஒருவருக்கொருவர் துணையாக இருப்பதில் சுற்றுவட்டாரத்தில் நாங்களே முதலிடம். ஆகவே முகாமை வேறு துறைமுகத்துக்கு மாற்றலாம் என்று பரிந்துரை. சங்கச் செயலாளர் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டினார்.

படிவங்களை நிரப்பியவன் நான்தான்.

எனக்குப் புள்ளியியலில் பட்டம் இருக்கிறது. வேலை, படகு உரிமையாளர் சங்கத்தின் வயர்லெஸ் அறையில். காலை ஐந்து மணி முதல் மதியம் இரண்டு வரை கடலில் இருக்கும் படகுகளோடு பேச வேண்டும். காற்று எப்படி என்று சொல்ல வேண்டும். யார் எப்போது திரும்புவார் என்று நோட்டில் எழுத வேண்டும். எழுதத் தெரிந்தவன் என்பதால் படிவக்கட்டும் என் தலையில் விழுந்தது. ஆளுக்கு நாற்பது கேள்வி. எழுபத்து நாலு பேர்.

அவர்கள் வலையை உதறி மடித்துக்கொண்டிருக்கும்போதே கேட்பேன்.

"அண்ணே, போன மாசம் முழுக்க ராத்திரித் தூக்கம் எப்படி?"

"ராத்திரி நான் கடல்ல இருக்கேன். தூங்கினா படகு எங்க போய் நிக்கும்?"

"அப்ப தூக்கம் இல்லைன்னு போடவா?"

"ஏன்டா, வேலை செய்யறவனைப் போய் தூக்கம் கெட்டவன்னு எழுதுவியா? நல்லா இருக்குன்னு போடு."

"காரணமில்லாம அழுகை வருதா?"

பக்கத்தில் இருந்தவர் முந்திக்கொண்டார். "டீசல் விலையைக் கேட்டா வரும். அதுக்குக் காரணம் இருக்கே. இல்லைன்னு போடு."

"மனசுல இருக்கறதைச் சொல்ல ஆள் இருக்கா?"

"முப்பது பேரு நாள் பூரா ஒரே சேனல்ல கத்திக்கிட்டு இருக்கோம். இதுக்கு மேல எவன்கிட்ட சொல்லணும்?"

முகாமுக்கு வந்த ஆலோசகர் அம்மாவுக்கு ஐஸ் தொழிற்சாலையை ஒட்டி ஓர் அறை கொடுத்திருந்தார்கள். மூன்று பக்கமும் கண்ணாடி. படகுத்துறையில் எங்கே நின்றாலும் உள்ளே இருப்பவர் தெரிவார். 'ரகசியம் காக்கப்படும்' என்று கண்ணாடியில் ஒட்டியிருந்தது. மூன்று மாதத்தில் உள்ளே போனவர்கள் இரண்டு பேர். ஒருவர் செல்போனுக்கு சார்ஜ் போட. இன்னொருவர் அவரைத் தேடி.

மச்சானின் படிவத்தையும் நான்தான் நிரப்பினேன். மச்சான் என் மனைவியின் அண்ணன். நாலாவது கேள்வியிலேயே கையசைத்துவிட்டார்.

"உனக்கு என்ன தோணுதோ போட்டுக்க மாப்ளே. நீ படிச்சவன்."

எல்லாக் குறைக்கும் இல்லை என்று போட்டேன். என் படிவத்திலும் அப்படித்தான் போட்டிருந்தேன். எட்டு மாதமாக நான் வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பதில்லை. விளக்கைப் பற்றிக் கேள்வி எதுவும் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தத் தொழிலில் வயர்லெஸ்ஸில் உண்மை பேசுகிற ஆள் கிடையாது. மீன் குவிந்தால் 'இங்க வெறும் தண்ணிதான்' என்பார்கள். தெற்கே நிற்பவர் வடக்கே நிற்பதாகச் சொல்வார். மிக நிறைய மாட்டினால் பேச்சே நின்றுவிடும். ஒருவர் பேச்சை நிறுத்தினால் மற்ற முப்பது பேரும் அவரைத் தேடிக் கிளம்புவார்கள். இதில் யாருக்கும் வருத்தமில்லை. நல்ல இடத்தில் நிற்கும் ஒருவரைக் கிளப்ப வேண்டுமானால், கரையிலிருந்து பேசுவதுபோலக் குரலை மாற்றி, வீட்டில் யாருக்கோ முடியவில்லை என்பார்கள். தந்தி என்று ஒரு படகு டிரைவர் இருக்கிறார். ஊர்ச்செய்தி எல்லாம் முதலில் அவர் வாயிலிருந்துதான் வரும். ஒருமுறை அவர் இன்னொரு டிரைவருக்கு ஆண் குழந்தை பிறந்துவிட்டதாகச் சொல்லிக் கிளப்பிவிட்டார். மனிதர் விழுந்தடித்துக் கரைக்கு வந்து பார்த்தால், மனைவிக்கு ஏழாவது மாதம்.

எட்டு மாதத்துக்கு முன் என் மனைவிக்கு நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் காலையில் டாக்டர், பார்க்க வேண்டியவர்களை வரச்சொல்லுங்கள் என்றார். வயர்லெஸ் அறைக்கு ஓடி வந்து மச்சானைக் கூப்பிட்டேன்.

"தங்கச்சிக்கு ரொம்ப முடியல மச்சான். எல்லாத்தையும் போட்டுட்டு வாங்க."

அன்று அவர் வலையில் அந்தப் பருவத்தின் மிகப் பெரிய மீன்கூட்டம். சேனலில் யாரோ சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார்.

"யாருப்பா அது? என் மாப்ளை குரல்ல நல்லாத்தான் பேசற. அவனை மாதிரியே மூக்கால இழுக்கற."

மூன்று முறை சொன்னேன். ஒவ்வொரு முறையும் குரல் அச்சு அசலாக இருப்பதாகப் பாராட்டு வந்தது. நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். மூன்றேகாலுக்கு முடிந்துவிட்டது. மச்சான் ஐந்தரைக்குக் கரை வந்தார். படகு கொள்ளாத மீன். இன்னைக்கு யார் முகத்துல முழிச்சேன்னே தெரியல என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். படகுத்துறையில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அதைப் பற்றி அவரும் நானும் பேசவில்லை. ஒருவரிடம் ஒருவர் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டோம். அவர் என் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்தினார். பிறகு கரையில் தங்குவதையே குறைத்தார். மூன்று நாள் பயணம் ஐந்து நாளாயிற்று. சுக்கானை விடாமல் இரவு பகலாக நின்றார். மாற்றிவிட வந்தவர்களைத் திட்டினார். கூட இருந்த நாலு பேரும் ஒவ்வொருவராக வேறு படகுக்குப் போனார்கள். மனுஷனுக்கு என்னா உழைப்பு என்று துறைமுகமே மெச்சியது. கடைசியில் உரிமையாளர் பெரிய படகை வேறு ஆளிடம் கொடுத்தார். மச்சான் ஒரு சின்ன ஃபைபர் படகை எடுத்துக்கொண்டு தனியாகக் கடலுக்குப் போகத் தொடங்கினார். விடியுமுன் போய் மதியம் வருவார்.

அறிக்கை மாட்டப்பட்ட மறுநாள், வியாழக்கிழமை. ஆலோசகர் அம்மா கண்ணாடி அறையைக் காலி செய்துகொண்டிருந்தார். எட்டரை மணிக்கு மச்சானின் மனைவி வயர்லெஸ் அறைக்கு வந்தார். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். அவர் இங்கே வந்து நான் பார்த்ததில்லை.

"தம்பி, உங்க மச்சான் ஐஸ் பெட்டியை வீட்லயே விட்டுட்டுப் போயிருக்காரு."

"மறந்திருப்பாருக்கா."

"கழுவிக் கவுத்து வெச்சிருக்காரு."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். ஐஸ் இல்லாமல் கடலுக்குப் போகிறவர் மீன் கொண்டுவரும் எண்ணத்தில் போகவில்லை. இங்கே இது குழந்தைக்கும் தெரியும்.

"போனும் வீட்லதான் இருக்கு. வாட்ச்சும்தான். நேத்து பெரியவளோட சைக்கிளுக்கு செயின் மாட்டினாரு. ரேஷன் கார்டு எங்க, கேஸ் புக்கு எங்கன்னு ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டினாரு. அப்பாடா, இப்பவாவது வீட்டுப் பக்கம் புத்தி திரும்புச்சேன்னு நான் சந்தோஷப்பட்டேன் தம்பி. இனிப்பு வேற செஞ்சேன்."

அழாமல் சொன்னார். சாமான் கணக்குச் சொல்வதுபோல.

மச்சானின் படகைக் கூப்பிட்டேன். ஐந்து முறை. பதில் இல்லை.

கண்ணாடி அறைக்கு ஓடி ஆலோசகர் அம்மாவைக் கூட்டி வந்தேன். அட்டைப்பெட்டியைக் கையில் பிடித்தபடியே வந்தவர், நின்ற நிலையில் அக்காவிடம் கேட்டார்: "வாழவே பிடிக்கலைன்னு எப்பவாவது சொல்லியிருக்காரா?"

"இல்லைங்க. நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவாரு. ரெண்டு வாரமா அடிக்கடி சொல்றாரு."

ஆலோசகர் பெட்டியைக் கீழே வைத்தார். கடலோரக் காவலுக்கு அவரே போன் போட்டு என்னிடம் கொடுத்தார்.

"எத்தனை மணிக்குத் திரும்பணும்?" என்றார் அந்தப் பக்கம் இருந்தவர்.

"ரெண்டு மணிக்கு."

"இப்ப எட்டே முக்கால். இன்னும் லேட்டே ஆகலையே சார்."

"ஐஸ் எடுத்துட்டுப் போகல சார்."

"அது குற்றமில்லையே."

பன்னிரண்டு மணி நேரம் தாமதமானால் கூப்பிடச் சொன்னார். ஆலோசகர் போனைப் பிடுங்கி அவரோடு வாதாடத் தொடங்கினார். கரையில் கிளம்பக்கூடிய படகு ஒன்றுகூட இல்லை. முப்பத்தோரு படகும் கடலில் இருந்தன. எல்லாம் என் பேச்சு எட்டும் தூரத்தில். மைக்கை எடுத்து உண்மையைச் சொன்னேன்.

"எல்லாருக்கும் சொல்றேன். எங்க மச்சான் தனியாப் போயிருக்காரு. அவர் மனசு சரியில்ல. பக்கத்துல இருக்கறவங்க யாராவது ஒருத்தர் போய்ப் பாருங்க. ஓவர்."

தந்தியின் குரல் வந்தது. என்னை அவர்கள் டிகிரி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"டிகிரி, நாங்க நாலு மீனு பாக்கறது உனக்குப் பொறுக்கலையா? யாரு சொல்லிக் கொடுத்தா இதை?"

"அண்ணே, சத்தியமா சொல்றேன்."

"சத்தியம் வேற பண்றான்டா. எவனோ நம்ம இடத்துக்கு நல்லாவே குறி வெச்சிருக்கான். யாரும் நகராதீங்க."

இன்னொரு குரல் வந்தது. "அவரு காலையில தென்கிழக்கால போறதை நான் பாத்தேனே. கையெல்லாம் ஆட்டிட்டுப் போனாரு. மனசு சரியில்லாதவன் கையாட்டுவானா?"

அக்கா என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "அவரு யாருக்கும் கையாட்ட மாட்டாரே."

நான் மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மாதத்துக்கு முன்பும் இதே மைக், இதே நாற்காலி. அன்றைக்கும் உண்மையைத்தான் சொன்னேன். திரும்பத் திரும்ப, தெளிவாக, படித்தவன்போல. மூளை இருக்கிறவன் ஒரே தப்பை இரண்டாவது முறை செய்யக்கூடாது.

குரலைத் தாழ்த்திக்கொண்டு பொத்தானை அழுத்தினேன்.

"மச்சான், கேக்குதா? நீங்க பதில் பேசாதீங்க. விஷயம் வந்துச்சு. முப்பது பெட்டி ஐஸ் போதுமா? சரி சரி, பேசாதீங்க. இந்தச் சேனல் வேணாம். எல்லாரும் காதைத் தீட்டி வெச்சிருப்பாங்க."

ஆலோசகர் அம்மா போனைக் காதில் வைத்தபடி என்னைப் பார்த்தார். எனக்குப் புத்தி பிசகிவிட்டதாக நினைத்திருக்க வேண்டும். அக்கா ஒரு நொடிதான் யோசித்தார். என் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

"ஏங்க, ரெண்டு வலையும் சேத்துக் குடுத்து விடறேன். பத்தலைன்னா அண்ணன் வீட்டு வலையும் வாங்கிக்கறேன். அவசரப்பட்டு இழுத்துக் கிழிச்சிடாதீங்க, என்ன?"

கொஞ்சம் கொஞ்சலாகக்கூடப் பேசினார். பிறகு மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

சேனலில் பேச்சே நின்றுவிட்டது. பிறகு தந்தி இருமினார்.

"எனக்கு வயித்துல ஒரு மாதிரி பண்ணுது. கரைக்குத் திரும்பறேன்."

"என் எஞ்சின் சூடாகுது. நானும் திரும்பறேன்."

"மாமியாருக்கு உடம்பு சரியில்லையாம்."

"உனக்கு எப்படிப்பா தெரியும்?"

"தோணுச்சு."

பன்னிரண்டு நிமிடத்தில் இருபத்தாறு படகுகள் கரைக்குத் திரும்புவதாகச் சொல்லிவிட்டன. ஒவ்வொன்றாக நோட்டில் எழுதினேன். ஜன்னல் வழியே பார்த்தேன். கரையை நோக்கி ஒன்றுகூட வரவில்லை.

பிறகு காத்திருந்தோம். செய்ய வேறொன்றும் இல்லை. ஆலோசகர் அக்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். படிவம் எதையும் எடுக்கவில்லை. அக்கா அவரிடம், சைக்கிள் செயின் மாட்டும்போது மச்சான் விசிலடித்ததைப் பற்றி இரண்டு முறை சொன்னார்.

பத்தே காலுக்குச் சேனல் வெடித்தது.

"டேய் டிகிரி! இங்க ஒரு எழவு மீனும் இல்லடா!"

தந்திதான். பின்னால் இருபது எஞ்சின்களின் சத்தம்.

"உன் மச்சான் எஞ்சினை நிறுத்திட்டு மரம் மாதிரி உக்காந்திருக்கான். வலையை நனைக்கக்கூட இல்ல. எவ்வளவு டீசல்டா! நீயும் உன் டிகிரியும்! கரைக்கு வந்து உன் தோலை உரிக்கறேன்!"

"அண்ணே, அவரு எப்படி இருக்காரு?"

"எப்படி இருக்கானா? நாங்க இத்தனை பேரு சுத்தி நின்னு காது கிழியத் திட்டறோம், வாயைத் திறக்க மாட்டேங்கறான். ஏய், என்னய்யா நினைச்சிட்டு இருக்க நீ? ஏய்!"

பொத்தானை விடாமலேயே அவரைத் திட்டினார். திடீரென்று நிறுத்தினார். எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அடங்குவது கேட்டது.

"டிகிரி." குரல் வேறாக இருந்தது. "சட்டையை மடிச்சு வெச்சு, அதுமேல செருப்பை வெச்சிருக்கான்டா."

நான் அக்கா பக்கம் திரும்பினேன்.

"அவன் பொண்டாட்டி அங்க இருக்கா?"

"இருக்காங்க."

"கூட்டிட்டு வர்றோம்னு சொல்லு."

அந்தச் சேனலில் நான் கேட்ட முதல் உண்மை அதுதான். அதை மட்டும் நோட்டில் எழுதவில்லை.

தந்தி தன் படகை ஆளிடம் விட்டுவிட்டு மச்சானின் படகில் குதித்துவிட்டாராம். கரை வரும் வரை பக்கத்தில் உட்கார்ந்து, மச்சானின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, மூன்று தலைமுறையையும் இழுத்துத் திட்டிக்கொண்டே வந்தார். மற்ற இருபத்தைந்து படகும் கூடவே வந்தன. பாதி நாள் தொழில் போயிற்று. ஒன்றிலும் மீன் இல்லை. திரும்பிப் போய் வலை போடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

செயலாளர் படகுத்துறைக்கு ஓடி வந்தார். சங்கத்தின் வயர்லெஸ்ஸில் தவறான செய்தி பரப்பியதற்கு எழுத்தில் விளக்கம் கேட்டார்.

"இனிமே நீ சொல்றதை எவன்யா நம்புவான்?"

"இதுக்கு முன்னாடி நம்பினாங்களாண்ணே?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அது வேற" என்றார்.

அக்கா படகுத்துறை விளிம்பில் நின்றார். மச்சான் இறங்கவில்லை. கட்டிய கயிற்றைப் பார்த்தபடி படகிலேயே உட்கார்ந்திருந்தார். தந்தி மேலே ஏறிவந்து என் சட்டையைப் பிடித்தார். தோலை உரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். படகைக் காட்டி, "போ" என்றார்.

நான் படகில் இறங்குபவன் அல்ல. அலை இல்லாத நீரிலேயே எனக்குக் குமட்டும். இறங்கி எதிரே உட்கார்ந்தேன். மச்சானுக்கு மூன்று நாள் தாடி. சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தார். யாரோ அவசரமாக மாட்டிவிட்டிருக்க வேண்டும்.

"எத்தனை பேரு வந்தாங்க?" என்றார்.

"இருபத்தாறு படகு."

"மீன் இருக்குன்னு சொன்னியா?"

"இல்ல. முப்பது பெட்டி ஐஸ் அனுப்பறேன்னு சொன்னேன்."

மெல்லத் தலையாட்டினார். தொழில் தெரிந்தவரின் பாராட்டு.

"அன்னிக்கும் இப்படி ஒரு பொய் சொல்லியிருக்கலாமே மாப்ளே. கரையோரமா மீன் குவியுதுன்னு சொல்லியிருந்தா பறந்து வந்திருப்பேனே."

"தோணல மச்சான்."

"படிச்சவன்தானே நீ?"

இதை அவர் ஒருநாள் கேட்பார் என்று எட்டு மாதமாகப் பயந்துகொண்டிருந்தேன். அவருக்கும் ஒரு பயம் இருந்திருக்கும். அன்று ஏன் நம்பவில்லை என்று நான் கேட்டுவிடுவேனோ என. அவர் முந்திக் கேட்டுவிட்டார். படகு லேசாக ஆடியது. வேறொன்றும் ஆகவில்லை.

"அவ என்னைத் தேடினாளா?"

"தேடினா. அண்ணன் கிளம்பிட்டானான்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"கிளம்பிட்டாரு, இதோ வந்துட்டாருன்னு சொன்னேன்."

"நம்பினாளா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இருபத்தாறு படகை ஏமாற்றியவனுக்கு இன்னொன்று பெரிய காரியமில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது, இந்த மனிதர் ஒருமுறையாவது நான் சொல்வதை நம்பட்டும் என்று இருந்தது.

"இல்ல மச்சான். 'பொய் சொல்லாதீங்க, அண்ணனுக்கு நல்லா மாட்டியிருக்கு போல, இல்லேன்னா வந்திருப்பான்'னு சொன்னா. சிரிச்சா."

"சிரிச்சாளா?"

"சிரிச்சா. 'வலையைத் தூக்கி முடிச்சிட்டே வரட்டும், பாதியில விட்டா கிழிஞ்சுடும்'னு சொன்னா."

மச்சான் வாயைத் திறந்தார். சத்தம் வர நேரமாயிற்று. வந்தபோது படகுத்துறை முழுக்கக் கேட்டது. மேலே இருந்தவர்கள் ஆளுக்கொரு கயிற்றை எடுத்து, ஏற்கெனவே கட்டியிருந்த முடிச்சுகளை அவிழ்த்துக் கட்டினார்கள். யாரும் போகவில்லை. அவர் என் தோளில் சாய்ந்தார். கனமான ஆள். எனக்கு அழுகை வரவில்லை. அவர் கனத்தைத் தாங்க ஒரு கையால் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

வெகுநேரம் கழித்து அக்கா மேலிருந்து கூப்பிட்டார்.

"அழுது முடிச்சிட்டு ரெண்டு பேரும் வாங்க. ஒண்ணும் அவசரமில்ல. நான் இங்கதான் நிக்கறேன்."

"கேட்டியா?" என்றார் மச்சான், மூக்கைத் துடைத்துக்கொண்டே. "ரெண்டு பேருங்கறா. நீ எங்க அழுத?"

"எனக்கு இன்னும் வரல மச்சான்."

"சரி. இரு, வரட்டும்" என்று சொல்லிவிட்டு, நகர்ந்து எனக்கு இடம்விட்டு உட்கார்ந்தார்.